கோரைக்கு நடுவே ஏரி

பறவை பார்ப்பதற்காக ஏரிக்கரையில் கட்டியிருந்த கோபுரத்துக்குப் பர்வீனைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக நண்பர்கள் நால்வரும் தயாராக நின்றார்கள். போன வருடமும் அப்படித்தான் தூக்கிப் போனார்கள். உச்சியிலிருந்து அவள் எடுத்த ஏரியின் படத்துக்குப் பரிசுகூடக் கிடைத்தது. ஆனால் அதை அவள் வீட்டில் மாட்டவில்லை. படம் நன்றாகத்தான் இருந்தது. யார் எடுத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"இந்தத் தடவை வேணாம். நீங்க ஏறிப் போங்க," என்றாள்.

"கீழேருந்து என்ன தெரியும்? வெறும் கோரைதான் மறைக்கும்," என்றான் தயாளன்.

"எனக்கு அதுதானே தெரியுது. அதையே எடுக்குறேன்."

அவர்கள் படியேறியதும் பர்வீன் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கோரை முகத்தை உரசியது. முன்சக்கரங்கள் சேற்றில் புதைய, நாற்காலி நின்றது. தண்ணீர் அவள் பாதங்களை நனைத்தது. பாதங்களுக்கு அது தெரியவில்லை, கண்கள் பார்த்துக்கொண்டன. தண்டுகளின் இடுக்கில் ஏரி துண்டு துண்டாக மினுங்கியது. அதில் ஒரு நாரை, அவள் உட்கார்ந்திருந்த உயரமே இருந்தது. அவள் கேமராவை உயர்த்தினாள்.

மேலிருந்து பார்த்துவிட்டுத் தயாளன் இறங்கி ஓடிவந்தான். "பர்வீன், சேத்துல மாட்டிக்கிட்ட. அசையாத, இதோ வந்துட்டேன்."

அவள் திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி அவனைத் தடுத்தாள்.

"நீ அசையாத. அது இன்னும் ரெண்டு அடி வரட்டும்."

தயாளன் அப்படியே நின்றான். நாரை மெல்ல ஒரு காலைத் தூக்கியது.