சம்பந்திகளும் குதிரைசக்தியும்

சம்பந்திகள் முறைத்துக்கொள்ள ஆயிரம் காரணம் உண்டு. பல் டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் முறைத்துக்கொண்டது குதிரைசக்திக்காக.

டாக்டரின் பெண்ணை மருந்துக்கடைக்காரரின் பையன் கட்டியிருந்தான். கல்யாணப் பேச்சின்போதுதான் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி கார் இருப்பது தெரிந்தது. இரண்டே சீட், இறகு மாதிரி எடை, பின்சக்கரம் தள்ள ஓடுகிற குட்டி ஸ்போர்ட்ஸ் கார். சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்கு வெளியே, யாரும் பயன்படுத்தாத விமான ஓடுதளத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து வளைத்து வளைத்து ஓட்டுவார்கள். பேரன் எடுக்கிற வயதில் இது தேவையா என்று வீட்டு அம்மாக்கள் இருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

எப்போதும் ஜெயிப்பது மருந்துக்கடைக்காரர்தான். ஜெயித்தால்கூடப் பரவாயில்லை, வாய் வேறு சும்மா இருக்காது.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி, இன்ஜின் பவரைக் கூட்டுகிற டர்போ போட்டார். நேர்ப்பாதையில் கார் பறந்தது. வளைவில் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தாரோ இல்லையோ, பின்பக்கம் முன்பக்கமாகிவிட்டது. கூம்புகள் திசைக்கொன்றாய்த் தெறித்தன.

"லேசான வண்டிக்கு எதுக்கு சம்பந்தி இவ்வளவு பவர்? பின்சக்கரம் தாங்க வேண்டாமா?" என்றார் மருந்துக்கடைக்காரர், கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டே.

"இன்னும் கொஞ்சம் ஏத்தினா சரியாயிடும்."

ஏற்றினார். இன்னும் கேவலமாகத் தோற்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கா மருந்துக்கடைக்காரர், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல வேண்டும்?

டாக்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியை விற்கப் போவதாகவும், இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கப் போவதில்லை என்றும் சொன்னார். டர்போவைக் கழற்றிவிட்டு வரலாமே என்று மாப்பிள்ளை மெல்ல இழுத்தான்.

"கழட்டினா உங்கப்பா சொன்னது சரின்னு ஆயிடும் மாப்பிள்ளை."

அதோடு போக்குவரத்து நின்றது. பெண் இரண்டு வீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அழுதாள். எல்லாருமே மருந்துக்கடைக்காரரைத்தான் ஏசினார்கள். உங்க வாய்க்கொழுப்பு ஒரு நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துடுச்சு என்று அவர் மனைவியே சொன்னாள். அவரோ அடுத்த ஞாயிறு தனியாகப் போய், தனியாகக் கூம்பு வைத்து, தனியாக ஜெயித்துவிட்டு வந்தார்.

டாக்டரின் காருக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"சம்பந்தி, நானும் வெளியூர்ல கொடுத்து டர்போ போட்டுட்டேன். கடைசியா ஒரு தடவை வந்து பாருங்க."

எப்படித் திண்டாடுகிறார் பார்க்கலாம் என்றே டாக்டர் வந்தார். ஆசை வீண்போகவில்லை. முதல் வளைவிலேயே மருந்துக்கடைக்காரரின் கார் பம்பரமாகச் சுற்றிப் புல்லுக்குள் போய் நின்றது. தலையெல்லாம் புல்லோடு இறங்கினார்.

"நீங்க பட்ட பாடு இப்பத்தான் புரியுது சம்பந்தி. புத்தி கெட்டுப்போய்ப் போட்டுட்டேன்."

டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். பிறகு சம்பந்தியின் தோளில் கைபோட்டு, பொறுமையாக விளக்கினார்.

"லேசான வண்டிக்கு எதுக்கு சம்பந்தி இவ்வளவு பவர்? பேசாம ரெண்டு பேரும் கழட்டிடுவோம்."

மறுநாள் இரண்டு கார்களும் மெக்கானிக் பட்டறையில் நின்றன. டாக்டர் உற்சாகமாக டீ வாங்கப் போயிருந்தார். மருந்துக்கடைக்காரரின் கார் பானெட்டைத் திறந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பிறகு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்தான்.

"சார், இதுல டர்போவே இல்லையே. இன்ஜின்ல யாரும் கையே வைக்கலை. ஹேண்ட்பிரேக் கேபிள்தான் பிஞ்சு தொங்குது."

"மெதுவாப் பேசுய்யா. இந்த இன்ஜினை வெச்சுக்கிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தே வண்டியைச் சுத்த வைக்கறது என்ன சாமானியமா? பழகறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுச்சு."

"அப்ப நீங்க சொன்னதுதானே சார் சரி? அவருகிட்ட ஏன் இப்படி..."

தெருமுனையில் டாக்டர் கையில் டீயோடு, வாயில் பாட்டோடு வந்துகொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் அவசரமாக பானெட்டை மூடினார்.

"சரிதான்யா. நான் சரியாவே இருந்துட்டா, ஞாயித்துக்கிழமை யாரோட ஓட்டறது?"