திருப்பத்துப் பள்ளம்

“அண்ணே, நாலரைக்குள்ள முடியுமா முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க!”

அவள் காருக்கு அடியில் குனிந்து கேட்டாள். மெக்கானிக்கின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றேகால்.

மெக்கானிக் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார்.

“லோயர் ஆர்ம் போச்சும்மா. சக்கரத்தை வண்டியோட பிடிச்சு வச்சிருக்கற இரும்புக் கை. இடது பக்கம் விரிசல் விட்டு வளைஞ்சு கிடக்கு. எங்க விட்டீங்க? திருப்பத்துல இருக்கற பள்ளத்துலயா?”

“ஆமாண்ணே. தண்ணி நின்னுது, ஆழம் தெரியலை.”

“அந்தப் பள்ளம்தாம்மா எனக்குச் சோறு போடுது.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “எவ்வளவு ஆகும்?”

“பார்ட், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம். வலது பக்கத்தைத் தொடவே வேண்டாம். அது இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அசையாது.”

பதினோராயிரம்! புதுத் தையல் மெஷின் வாங்க, எட்டு மாதமாக இடுப்பொடியத் தைத்துச் சேர்த்ததே பன்னிரண்டாயிரம்தான்.

“வெல்டிங் வச்சு ஒட்ட முடியாதாண்ணே?”

“ஒட்டலாம். ஓடும்போது விட்டுச்சுன்னா சக்கரம் ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க. அப்பாவை உட்கார வச்சு ஓட்டற வண்டின்னு சொன்னீங்களே?”

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை வாரம் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். தூக்கி உட்கார வைக்கணும் என்றதும் வாடகை வண்டிக்காரர்கள் எல்லாம் கழன்றுகொண்டார்கள். அதற்காகத்தான் நாற்பத்திரண்டு வயதில் விழுந்தடித்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போதுதான் அப்பாவின் விரல்கள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருந்தன.

கணவன் சாவியைக் கொடுத்தபோது ஒரு பிரசங்கமே செய்தான். “ஏழு வருஷம் என் கையில ஓடின வண்டி. ஒரு நட்டு மாத்தினதில்லை. ஏதாவது ஆச்சுன்னா சாவி என் பைக்குத் திரும்பிடும், சொல்லிட்டேன்.” சொன்னால் செய்கிற ஆள். வேலையாக வெளியூர் போனவன் இன்றைக்கு ஐந்து மணிக்குத் திரும்புகிறான்.

“சரி, மாத்துங்க. ஆனா என் வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாதுண்ணே.”

“இங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் இதைத்தாம்மா சொல்றாங்க” என்று மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தார்.

சுத்தியல் விழ ஆரம்பித்தது. இரண்டரை மணிக்குப் போன் அடித்தது. கணவன்தான்.

“சீக்கிரமே பஸ் கிடைச்சுடுச்சு. நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன். அங்க என்ன டங்குடங்குன்னு சத்தம்?”

“பக்... பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்க.”

“வண்டியை எடுத்தியா?”

“காலைல அப்பாவைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தேங்க.”

“பார்த்து ஓட்டு. ஏழு வருஷத்துல ஒரு நட்டு கூட...”

“தெரியுங்க” என்று வைத்துவிட்டாள். ‘நாலு மணிக்கு வந்துடறாருண்ணே’ என்று கத்தியதற்கு, காருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, பொறு என்று காட்டிவிட்டு உள்ளே போனது.

மூன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவள் சாவிக்குக் கை நீட்டினாள். மெக்கானிக்கோ சாவகாசமாக ஒரு நீலச் சாக்கில் உடைந்த ஆர்மைச் சுற்றி, பில்லையும் உள்ளே வைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய கறுப்பு வளையத்தை மாட்டினார்.

“இது எதுக்குண்ணே? நீங்களே வச்சுக்குங்க.”

“அது மட்டும் ஆகாதும்மா. பழசையே தட்டி மாட்டிட்டேன்னு ஒரு புண்ணியவான் பஞ்சாயத்து வச்சான். அன்னைலேர்ந்து பழசைக் கையில கொடுக்காம வண்டியை விடறதில்லை. டிக்கியில ஸ்டெப்னி டயர் பக்கத்துல போட்டு மூடிடுங்க. எவர் கண்ணுலயும் படாது.”

பேச நேரமில்லை. மூட்டையைப் பின் சீட்டில் வீசிவிட்டுக் கிளம்பினாள். பள்ளத்தைக் கண்டதும் அரை சாலைக்கு விலகி ஓட்டினாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மணி நாலு. கடவுளே, இன்னும் இரண்டு நிமிஷம் கொடு! டிக்கியைத் திறந்து, இத்தனை வருஷத்தில் அவள் ஒரு முறைகூடத் தூக்கிப் பார்க்காத அடிப் பலகையைத் தூக்கினாள். ஸ்டெப்னி டயர் இருந்தது. அதன் பக்கத்துச் சந்தில் மூட்டையைத் திணித்தாள். போகவில்லை. ஏதோ இடித்தது. கையை விட்டு இழுத்தாள்.

இன்னொரு நீலச் சாக்கு. அதே கறுப்பு டியூப் வளையம்.

பிரித்தாள். உள்ளே வளைந்துபோன ஓர் இரும்புக் கை. கூடவே மெக்கானிக்கின் அதே கோணல் எழுத்தில் ஒரு பில்: ‘வலது பக்க லோயர் ஆர்ம், ஒன்று.’ தேதி, போன மாதம். கீழே, கணவனின் போன் நம்பர்.

பின்னால் கேட் கிறீச்சிட்டது.

“டிக்கியில என்ன நோண்டிட்டிருக்க?” கணவனின் குரல் அதட்டலாக வந்தது. “வண்டிக்கு என்ன ஆச்சு?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் ஆகலைங்க. உங்களோடது பக்கத்துல என்னோடதையும் வைக்க இடம் இருக்கான்னு பார்த்துட்டிருக்கேன்.”