உள் அடுக்கு

அவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தார்.

பால்கனியில் காலை வெயில். முக்காலியின் மேல் ஒரு பழைய மதர்போர்டு. பிறந்த வருடம் 1986. சிப்புகளையெல்லாம் கழற்றித் தெர்மாகோலில் குத்தி வைத்தாயிற்று. மிச்சம் வெறும் பலகை.

அவருக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான் இருக்கிறது. வரைபடங்கள் அவர் வேலை பார்த்த கம்பெனியோடு போய்விட்டன. பலகைக்குள் எந்தக் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் தேய்த்துத்தான் பார்க்க வேண்டும். ஓர் அடுக்கைத் தேய்த்து அடுத்ததைப் படம் பிடிப்பது. அதையும் தேய்ப்பது. மொத்தம் நான்கு அடுக்கு. முடியும்போது கையில் தூசிதான் இருக்கும்.

மேல் அடுக்கு நேற்றே போயிற்று. அதன் மூலையில் கட்டைவிரல் நீளத்துக்கு அவருடைய கையெழுத்து இருந்தது.

அதுவும் போயிற்று.

“செத்துப்போனதுக்கு ஷேவிங் நடக்குது” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல். பொடி பறந்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று முதல் நாளே சண்டை. அதனால்தான் தண்ணீர்.

செத்தது செத்ததுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் படித்த நாற்பது பேர் அது எழுந்து உட்காரக் காத்திருந்தார்கள். அதன் பிளாஸ்டிக் பெட்டி என்றைக்கோ நொறுங்கிவிட்டது. சிப்புகள் மட்டும் தேடினால் கிடைக்கும். இன்றைய கேபினெட்டின் அளவுக்குப் பலகையைப் புதிதாக வரைந்துவிட்டால் போதும். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் வாங்குகிற கேபினெட்டில் திருகாணித் துளை தப்பாமல் பொருந்தும்.

அவர்களில் ஒருத்தி, திருச்சியில் விரிவுரையாளராக இருக்கும் நஸ்ரீன், அதை வரைந்துகொண்டிருந்தாள். புதுப் பலகை பெரியது. ஒரு மூலை முழுக்கக் காலி. அங்கே அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தாள்.

குலசேகரன்.

இனி அந்த வளைவு வர வேண்டியதுதான் பாக்கி.

பழைய பலகையை வெயிலில் தூக்கிப் பிடித்தால், நடு சிப்பின் அடியில் ஒரு கம்பி நேரே போகாமல் ஒதுங்கிச் சுற்றிப் போவது நிழலாகத் தெரியும். ‘குலசேகரன் வளைவு’ என்று அந்த நாற்பது பேரும் பெயர் வைத்திருந்தார்கள். போன வருடம் கோயம்புத்தூர் கூட்டத்தில், ஏன் சார் அப்படி என்று கேட்டார்கள். பக்கத்துக் கம்பியின் இரைச்சல் இதில் ஏறக்கூடாது, அதற்காக என்றார். கை தட்டினார்கள்.

உண்மையில் அவருக்கும் தெரியாது. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

தேய்த்தார். துடைத்தார். மறுபடி தேய்த்தார்.

செம்பு தெரிந்தது. வளைவு தெரிந்தது.

வளைவுக்குள்ளே இரண்டு எழுத்து. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும்.

ரூபி.

வரைவுப் பிரிவில் வேலை பார்த்த பெண். அவர் சர்க்யூட்டைத் தாளில் எழுதிக் கொடுப்பார். அவள் கறுப்பு நாடாவைப் பிளேடால் நறுக்கி, இரு மடங்கு பெரிய பிளாஸ்டிக் தாளில் ஒவ்வொரு கம்பியாக ஒட்டுவாள். அதைப் படம் பிடித்துச் சுருக்கித்தான் செம்பில் பதிப்பார்கள். எட்டு மாதம் ஒட்டினாள். ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அது அவருக்கு ஞாபகம் இருந்தது.

இன்னொன்றும் ஞாபகம் இருந்தது.

கடைசித் தாள் முடியும் சமயம் அவர் மேசைக்கு வந்தாள். மூலையில் தன் பெயரையும் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

அவர் நிமிரவில்லை.

“இடமில்லம்மா.”

சரி சார் என்று போய்விட்டாள்.

போய், ஒரு கம்பியை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். பலகையை அழித்தாலொழிய யார் கண்ணிலும் படாத இடம்.

அந்த இடத்தைத்தான் அவர் தன் மூளை என்று மேடையில் சொல்லியிருக்கிறார்.

உப்புத்தாள் கையிலேயே இருந்தது. பத்து இழுப்பு போதும். வேறு பலகை கிடையாது. யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

உள்ளே குக்கர் விசிலடித்தது. இன்னொரு தடவையும் அடித்தது.

பலகையை லுங்கியில் துடைத்தார். எழுந்து போய் ஸ்கேனரில் கவிழ்த்தார். நஸ்ரீனுக்கு அனுப்பினார்.

உடனே பதில் வந்தது.

“சூப்பர் சார். வளைவு பளிச்னு விழுந்திருக்கு. உள்ள மட்டும் ஏதோ கறை. எழுத்து மாதிரி இருக்கு. அழிச்சிடவா?”

அழிச்சிடும்மா என்று ஒரு வார்த்தை. அவளே சுத்தமாகத் துடைத்துவிடுவாள்.

விரல் அந்த வார்த்தையில் பாதி வரை போயிற்று. திரும்பி வந்தது.

“கறை இல்ல. பேரு. அந்த போர்டை வரைஞ்சவங்க.”

“அப்போ கோயம்புத்தூர்ல நீங்க சொன்னது?”

“கதை விட்டேன்.”

அனுப்பியதைத் திரும்பப் படிக்கவில்லை. மேற்கொண்டு தட்டினார்.

“மூலையில என் பேரை எடுத்துட்டு இந்தப் பேரைப் போடும்மா. கம்பியை நேராக்கிடு. இனிமே அது ஒதுங்கிப் போக வேண்டியதில்ல.”

“சரி சார். அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

அவருக்கு அவள் இனிஷியல்கூடத் தெரியாது.

பால்கனிக்குத் திரும்பினார். உப்புத்தாளை நனைத்தார். மூன்றாவது அடுக்குக்குப் போயாக வேண்டும். போனால் இந்த அடுக்கில் எதுவும் மிஞ்சாது.

அந்தப் பெயருக்கு மிகத் தூரத்தில் இருந்த மூலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.