எஸ்தர் வாசித்தது

தேயிலைத் தொழிற்சாலையை மூடியதிலிருந்து பாக்கியநாதனுக்கு வேலை இல்லை. விடிந்தும் கம்பளிக்குள் முடங்கிக் கிடப்பான். மனைவி எஸ்தர் கொழுந்து பறிக்கப் போகுமுன் பக்கத்தில் உட்கார்ந்து பைபிள் வாசிப்பாள்.

"கேட்டீங்களா? பறவைக்கே சாப்பாடு குடுக்குறவரு நம்மள விட்டுடுவாரா? எந்திரிங்க."

அந்தக் குரலைக் கேட்டால் அவனுக்குத் தெம்பு வரும். எழுந்து முகம் கழுவி, அட்டனுக்குப் போய்க் கடை கடையாக வேலை கேட்பான். வெறுங்கையோடு திரும்புவான். மறுநாளும் அவள் வாசிப்பாள், அவனும் எழுவான்.

கடைசியில் வட்டவளையில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. கொட்டும் மழையில் லயத்து வீட்டுக்கு ஓடி வந்தான்.

"எஸ்தர், வேலை கெடைச்சிருச்சு! வா, முழங்கால் போட்டு நன்றி சொல்லுவோம்."

அவள் முகம் மலர்ந்தது. ஆனால் முழங்கால் போடவில்லை.

"நீங்க சொல்லுங்க. என்னால முடியாது."

"என்ன பேசுற? தெனமும் எனக்கு வாசிச்சவளே நீதானே?"

"நம்ம புள்ளைய மண்ணுல வச்ச நாள்ல இருந்து எனக்கு ஜெபமே வரலைங்க. படிக்கிறது எதையும் நம்பவும் முடியல. ஆனா நான் வாசிச்சா நீங்க எந்திரிச்சீங்க. உங்களையும் பறிகொடுத்துருவேனோன்னு பயந்துதான் வாசிச்சேன்."

பாக்கியநாதன் பைபிளை எடுத்து அவளுக்கு வாசிக்கப் பார்த்தான். முதல் வரியிலேயே குரல் உடைந்தது.

எஸ்தர் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

"வேணாங்க. நடுங்குறீங்க, தேத்தண்ணி குடிங்க."