மூன்றாவது திரையில் ஓடிய புள்ளி

போன மாதம் இரண்டு தடவை என் கணவர் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் காரை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். அதனால்தான் ஜிபிஎஸ் கருவி வாங்க இருவரும் கடைக்கு வந்தோம். கடைக்காரர் மேஜைமேல் மூன்று கருவிகளை வைத்துப் போட்டுக் காட்டினார். இரண்டின் திரையில் நீலப்புள்ளி அந்தக் கடையிலேயே நின்றது. மூன்றாவதில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டடத்துக்குள்ள சிக்னல் சரியா கிடைக்காதும்மா. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றார் கடைக்காரர்.

புள்ளி மேம்பாலத்தில் ஏறி இறங்கியது. இவர் எப்போதும் கோட்டைவிடும் பள்ளிக்கூடத்து முனையில் ஒழுங்காகத் திரும்பியது. எங்கள் தெருவுக்குள் நுழைந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

என் போன் அடித்தது. வீட்டிலிருந்து மகள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு. இன்னிக்கு வழியே தப்பலையாம், முகமெல்லாம் சிரிப்பு. அம்மா எங்கேன்னு கேட்டா மட்டும் முழிக்கிறாரு. உன்னை எங்க விட்டுட்டு வந்தாரு?"

நான் மெல்லத் திரும்பினேன். என் பக்கத்தில் நின்றிருந்தவர் அந்த மூன்றாவது கருவியைக் கையில் எடுத்து, திரையைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"இதையே எடுத்துக்கலாம்" என்றார். "பாரு, இன்னிக்கு நான் ஒழுங்கா வீட்டுக்குப் போயிட்டேன்."