சின்னவன் யாருக்கு?

நாமக்கல் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த தனப்பிரியாவுக்கு, அப்பாவின் போனில் இன்ஸ்டாவைத் திறந்ததுமே வயிறு எரிந்தது.

கொரியாவில் பாடி ஆடும் ஐந்து பையன்களுக்காக அவள் தொடங்கிய ரசிகைகள் குழுவில், இப்போது யாரோ ஒரு 'நிலா'வின் ராஜ்ஜியம். பிறந்தநாள், ரத்த வகை, ஷூ சைஸ் எல்லாம் நிலாவுக்கு அத்துப்படி. கொரிய மொழியில் வாழ்த்து வேறு! தோழிகள் எல்லாரும் "நிலாக்கா, நிலாக்கா" என்று உருகினார்கள்.

"இன்னும் அந்தக் கண்ணு மை வெச்ச பசங்கதானா? இதுக்குத்தான் உன்னைய ஹாஸ்டல்ல போட்டது" என்று தோசைத் தட்டை வைத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். சுவரில் ஒட்டியிருந்த அவர்களின் போஸ்டர்களைக் கிழித்துப் போட்டவள் வேறென்ன சொல்வாள்?

ஐவரில் கடைக்குட்டியான 'சின்னவன்'தான் தனப்பிரியாவுக்கு உயிர். அவனை வைத்தே மடக்க நினைத்துக் குழுவில் ஆத்திரத்தோடு தட்டினாள். "நிலா, சின்னவனுக்குப் பிடிக்காத காய் என்ன?"

"வெள்ளரிக்கா." நொடியில் பதில் வந்தது. அதுவும் சரி!

"நான்தான் மொதல் ரசிகை. சின்னவன் எனக்குத்தான்!"

"கோவிச்சுக்காத சாமி. தோசை ஆறுது, மொதல்ல தின்னு."

தனப்பிரியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் போன்.

"மத்த நாலு பேரையும் நீயே வெச்சுக்க சாமி. சின்னவனை மட்டும் எனக்கு உட்டுரு."