மீனுக்கு ஒரு ஏசி

அலுவலக ஹாலில் இருந்த மீன் தொட்டியின் முன் மேனேஜர் கவலையோடு குனிந்து நின்றார்.

“ஏன்யா, எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுங்க?”

“வெயில் சார். தண்ணி சூடானா அதுல காத்து குறைஞ்சிடும்,” என்றார் கணக்கர்.

“ஐஸ் பாட்டில் மிதக்க விட்டேனே?”

“யானைப் பசிக்குச் சோளப்பொரி சார் அது.”

“என் ஏசி ரூம்ல வைக்கலாமா?”

“இவ்வளவு பெரிய தொட்டி, தூக்கினா விரிசல் விட்டுடும். ஹாலுக்கே ஏசி போட்டாத்தான் பிழைக்கும்.”

ஊழியர்கள் ஏசி கேட்டபோதெல்லாம், “வேர்த்தா உடம்புக்கு நல்லது” என்று அனுப்பியவர் அவர். மறுநாளே ஏசி வந்து இறங்கியது.

டைப்பிஸ்ட் அம்மா கணக்கரின் காதைக் கடித்தார்.

“அவர் பிறந்தநாளுக்கு மீன் தொட்டி கொடுக்கச் சொன்னீங்களே, உங்க மூளையே மூளை அண்ணே!”

கணக்கர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மேனேஜர் ஏசியைப் போட்டார். மீன்களைப் பார்த்தார். பிறகு ஊழியர்களைப் பார்த்தார்.

“இத்தனை பேர் மூச்சு விட்டா ஹால் எப்படிய்யா குளிரும்? மேசையெல்லாம் மொட்டை மாடி ஷெட்டுக்கு ஏத்துங்க.”

தகரக் கூரைக்குக் கீழே கணக்கர் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார்.

“அண்ணே,” என்றார் டைப்பிஸ்ட் அம்மா, “இங்கயும் ஒரு தொட்டி வைப்போமா?”